மருந்துக்கு அடங்காத கிருமிகள்

"ரெண்டு மாத்திரை போட்டேன், காய்ச்சல் விட்டுடுச்சு. மிச்சம் அடுத்த தடவைக்கு ஆகும்னு எடுத்து வச்சிருக்கேன்." எங்கள் கீழ்பென்னாத்தூரில் மட்டுமா, எல்லா ஊர் வீடுகளிலும் கேட்கிற பேச்சுதான் இது. சிக்கனம் நல்லதுதான் சகோதரிகளே. ஆனால் ஆன்டிபயாடிக் விஷயத்தில் இது உயிருக்கே உலை வைக்கும்!

தேவையில்லாமலும் அளவு தப்பியும் இம்மருந்தைச் சாப்பிட்டால், எளிய கிருமிகள் சாகும். மருந்தை எதிர்க்கிறவை பிழைத்துப் பெருகும். அவை அறுவைப் புண், சிறுநீர்க் குழாய், டிரிப்ஸ் ஊசி வழியே இரத்தத்தில் கலந்தால் பெரும் ஆபத்து. பச்சைக் குழந்தைகள், வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகளுக்கு ரொம்பவும் ஆபத்து.

இரத்தத்தில் கிருமி என்ற சந்தேகம் வந்தால், முதல் ஊசிக்கு முன்பே இரத்தம் எடுத்து 'கல்ச்சர்' சோதனைக்கு அனுப்புவார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை நோயாளி தாங்க மாட்டாரே! அதனால் பல கிருமிகளைத் தாக்கும் மருந்தை உடனே கொடுத்து, முடிவு வந்ததும் பொருத்தமானதாக மாற்றுவார்கள். வழக்கமானவை தோற்றால் மெரோபெனம் போன்ற கார்பபெனம் மருந்துகள். அவையும் தோற்றால் கொலிஸ்டின். சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று முன்பு ஒதுக்கி வைத்த பழைய மருந்து அது. வேறு வழியில்லாமல் மறுபடி எடுக்கிறார்கள்.

கார்பபெனத்தையே முறிக்கும் 'என்.டி.எம்.-1' கொண்ட கிருமிகள் சென்னை, ஹரியானா நோயாளிகளிடம் இருப்பதை 2010-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014 மார்ச் 1 முதல் 'எச்-1' பட்டியலில் உள்ள ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. கடைக்காரர் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

சட்டம் இருந்தும், "மாத்திரை குடுங்க" என்று கேட்பது நாம்தானே? சாதாரண சளி, ஃப்ளூவுக்கு வைரஸ் காரணம், ஆன்டிபயாடிக் பலிக்காது. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்காதீர்கள். பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள். டாக்டர் சொன்ன அளவை, சொன்ன நாள்வரை கொடுங்கள். ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முன்பு சாப்பிட்ட மருந்துகளை மறைக்காமல் சொல்லுங்கள்.

குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, உடம்பு சில்லிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, பெரியவர்கள் நடுக்கத்தோடு பிதற்றினாலோ கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் பொன்னானது.