நகரில் எண், நாட்டுப்புறத்தில் மணி

கோலார் தங்கவயலில் வாழும் நம்மவர்க்கு முன்னாளில் பேருந்து பெரிய தேவையாக இருந்ததில்லை. லைன் வீட்டிலிருந்து சுரங்கம் நடை தூரமே. சங்கு ஊதினால் புறப்பட்டுவிடலாம். 1894ஆம் ஆண்டில் போடப்பட்ட இருப்புப் பாதை மாரிகுப்பம் வரை வந்தது. வெளியூர் செல்வோர்க்கு அதுவே போதுமாயிருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர், விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் வீடு திரும்புவதே நம் குடும்பங்கள் பலவற்றின் வாழ்க்கையாயிற்று. ரயில் நிற்கும் இடத்திற்கு அப்பால் பேருந்தையே நம்ப வேண்டியிருக்கிறது.

பெங்களூரில் இறங்குவோர்க்கு இந்தக் கவலை குறைவு. 1997இல் தனிக் கழகமாகப் பிரிக்கப்பட்ட பெங்களூர் மாநகரப் போக்குவரத்துக் கழகம் ஆயிரக்கணக்கான பேருந்துகளை ஓட்டுகிறது. ஒன்று தவறினால் மற்றொன்று வரும். அங்கே மக்கள் பேருந்தை எண்ணால் அறிகின்றனர். கிராமத்திலோ மணியால் அறிகின்றனர்: 'எட்டு மணி வண்டி', 'சாயங்கால வண்டி', 'கடைசி வண்டி'. இவ்வழக்கு ஒன்றே இரண்டிற்குமுள்ள வேற்றுமையை விளக்கிவிடும். நகரத்தில் பேருந்தைத் தவறவிட்டவர் சில நிமிடங்களை இழக்கிறார். கிராமத்தில் ஒரு நாட்கூலியை இழக்கிறார்.

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. நகரத்தில் ஒரே இருக்கையில் ஒருவர் இறங்க மற்றொருவர் அமர்வார். ஒரு நடையிலேயே அவ்விருக்கை பலமுறை பணம் ஈட்டும். கிராமத்து வண்டி காலையில் நிரம்பி நகரம் செல்லும். திரும்புகையில் பெரும்பாலும் காலியாக வரும். வரவு மட்டுமே கணக்கானால், முதலில் குறைக்கப்படுவது கிராமத்து நடைதான்.

அக்குறைவின் விலையை ஓரிரவு நாம் நேரில் கண்டோம். பெங்களூரில் தையல் வேலை செய்யும் பெண்ணொருத்தி நம் சீட்டுச் சாளரத்தண்டை வந்து, "அண்ணா, எங்க ஊருக்குக் கடைசி பஸ் போயிருக்குமா?" என்று வினவினாள். போய்விட்டிருந்தது. ரயிலும் தன் நேரத்திற்கே வந்தது. பேருந்தும் தன் நேரத்திற்கே புறப்பட்டது. எனினும் இரண்டும் சந்திக்கவில்லை. தந்தை சைக்கிளில் வரும்வரை அவள் நிலையத்து விளக்கடியில் காத்திருந்தாள். மறு மாதம் அவளை அந்த ரயிலில் காணோம். வீட்டார் வேலையை விடச் செய்துவிட்டதாக உடன் வரும் பெண்கள் கூறினர்.

கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 முதல் சக்தித் திட்டத்தின்கீழ் மாநிலப் பெண்கள் அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்கின்றனர். தமிழ்நாட்டிலும் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. இவை போற்றத்தக்க உதவிகளே. ஆனால் ஏறுதற்கு வண்டியில்லாத ஊரில் இலவசச் சீட்டு யாருக்குப் பயன்படும்?

வழி இல்லாமற் போகவில்லை. இரவு ரயில் வந்தபின் புறப்பட்டு, கடைசிக் கிராமத்தில் தங்கி, விடியலில் திரும்பும் ஒரே பேருந்து போதும்; இரு முனையிலும் வேலைக்குச் செல்வோர் காக்கப்படுவர். தமிழ்நாட்டில் பெரிய வண்டி செல்லாத ஊர்களுக்கென 1997இல் சிற்றுந்துத் திட்டம் தொடங்கப்பட்டதையும் நினைவிற் கொள்க.

ஆகவே நேயர்களே, தனித்தனியே முணுமுணுப்பதை விடுத்து, உங்கள் ஊரில் எத்தனை பேர் எந்த ரயிலில் வருகின்றனர், எத்தனை மணிக்குப் பேருந்து தேவை என்பதைக் குறித்து, அனைவரும் கையொப்பமிட்டுப் பணிமனை மேலாளருக்கும் பஞ்சாயத்திற்கும் அளியுங்கள். அப்பட்டியலில் வேலைக்குச் செல்லும் பெண்களின் பெயர்கள் முதலில் இருக்கட்டும்.