உணவை ஒதுக்கும் நாய்: காரணங்களும் கவனிப்பும்

சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தைச் சூழ்ந்துள்ள முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை, மாடம்பாக்கம், அகரம்தென் முதலிய ஊர்களில் வீடுகளும் கட்டடங்களும் பெருகியுள்ள போதிலும், நெல்லும் கீரையும் காய்கறியும் பயிரிடும் நிலங்கள் இன்னும் இல்லாமற் போகவில்லை. அந்நிலங்களில் பம்புசெட்டையும் மாட்டுக் கொட்டகையையும் அறுவடையான களத்தையும் இரவில் காப்பது பெரும்பாலும் நாயே. அத்தகைய நாய் வைத்த சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிச் செல்வதும், இறைச்சித் துண்டை மட்டும் பொறுக்கித் தின்று சோற்றை விடுவதும் குடியானவர்களுக்குக் கவலை தரும் குறைகளாகும். சிலர் அதனைச் செல்லத்தின் விளைவென்று சிரித்து விட்டுவிடுகின்றனர். சிலர் பலவந்தமாக வாயைத் திறந்து ஊட்டுகின்றனர். இவ்விரண்டும் சில சமயங்களில் பெருந்தீங்கில் முடியக்கூடும். ஏனெனில், நாய் உண்ண மனமின்றி ஒதுக்குவது வேறு. உண்ண இயலாமல் ஒதுக்குவது வேறு. இவ்வேற்றுமையை முதலில் அறிந்து கொள்வதே இவ்விஷயத்தில் தலையாய காரியமாகும்.

நாயின் இயல்பு

நாய் ஓநாயின் வழிவந்த பிராணி. கிடைத்தபோது வயிறு நிறைய உண்பதும், கிடைக்காதபோது ஒருவேளை பட்டினி கிடப்பதும் அதன் குலவழக்கம். ஆயினும் மனிதனோடு நெடுங்காலம் வாழ்ந்தமையால் அதன் உடல் தானிய உணவுக்கும் இசைந்துள்ளது. மாப்பொருளைச் செரிக்கச் செய்யும் நொதிக்குரிய மரபணு, ஓநாயைக் காட்டிலும் நாயிடம் மிகுதியாக இருப்பதை ஸ்வீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆகவே கேழ்வரகுக் களியும் சோறும் நாய்க்கு ஒவ்வாதவை அல்ல. அவை மட்டுமே போதா என்பதே உண்மை.

நாய் சுவையைக் காட்டிலும் மணத்தைக் கொண்டே உணவைத் தேர்கின்றது. மனிதர் நாவில் சுவையரும்புகள் ஏறக்குறைய 9,000 இருக்க, நாயின் நாவில் ஏறக்குறைய 1,700 மட்டுமே உள்ளன. மோப்ப சக்தியோ மனிதனுடையதைவிடப் பன்மடங்கு மிகுந்தது. ஆறிக் குளிர்ந்த சோற்றை ஒதுக்கும் நாய், அதையே வெதுவெதுப்பாக வைத்தால் உண்பதற்கு இதுவே காரணம். புளித்த சோற்றின் வாடை, கழுவாத தட்டில் தங்கிய பழைய நாற்றம், தட்டில் மொய்க்கும் எறும்பு ஆகியவையும் நாயை விலகச் செய்யும். தட்டை நாள்தோறும் கழுவி, சிறிது நீர் நிறைந்த அகன்ற பாத்திரத்தின் நடுவே வைத்தால் எறும்புத் தொல்லை நீங்கும்.

பழக்கத்தால் விளையும் ஒதுக்கல்

நோயற்ற நாய் சோற்றை ஒதுக்குமாயின், அது வேறிடத்தில் வயிற்றை நிரப்பிக்கொண்டதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். 20 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,000 கலோரி அளவான உணவு போதுமானது. சாதாரண மாரி பிஸ்கோத்து ஒன்றில் ஏறக்குறைய 25 கலோரி உண்டு. வீட்டிலுள்ள நால்வர் ஆளுக்கு மூன்று பிஸ்கோத்து வீதம் போட்டால் 300 கலோரி ஆகின்றது. அதனுடன் ஒரு தம்ளர் பாலும் சேர்ந்தால் 400 கலோரிக்கு மேற்படும். தெருமுனைத் தேநீர்க் கடையில் கிடைக்கும் பொறை இக்கணக்கில் சேராதது. இவ்வாறு ஒருநாள் உணவில் ஐந்தில் இரண்டு பங்கு, ஒருவரும் அறியாமலே உள்ளே சென்றுவிடுகின்றது. மாலையில் வைக்கும் சோற்றை நாய் ஏன் தீண்டவில்லை என்று வீட்டார் வியப்பதில் பயனில்லை.

மற்றொரு காரணம், நாய் ஒதுக்கியவுடன் அதனினும் ருசியான பொருளைக் கொண்டுவந்து வைப்பது. சோற்றை விட்டால் முட்டை, முட்டையை விட்டால் கறி என்று இரண்டு முறை நடந்தால், ஒதுக்கினால் மேலானது கிடைக்கும் என்பதை நாய் கற்றுக்கொள்கின்றது. இங்கே பழக்கத்தைக் கெடுத்துக்கொண்டவர் நாயை வளர்ப்பவரே.

திருத்தும் முறை

வளர்ந்த நாய்க்குக் காலை ஒருவேளையும் மாலை ஒருவேளையும் குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் உணவு வைக்க வேண்டும். 15 முதல் 20 நிமிஷம் வரை விட்டுவைத்து, உண்ணாத மீதியை எடுத்துவிட வேண்டும். அடுத்த வேளை வரை வேறெதுவும் கொடுத்தலாகாது. குடிதண்ணீர் மட்டும் எப்போதும் இருத்தல் வேண்டும். வீட்டாரனைவரும் இவ்விதிக்கு உடன்பட்டால், நோயற்ற நாய் ஓரிரு வேளைக்குள் வழிக்கு வரும். கறியைப் பொறுக்கித் தின்னும் நாய்க்கு, கறியை நன்கு வேகவைத்து மசித்துச் சோற்றுடன் பிசைந்து வைத்தால் பொறுக்குவதற்கு வழியிராது.

சித்திரை, வைகாசி மாத வெயிலில் நாய் குறைவாக உண்பது இயற்கை. அக்காலத்தில் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பின்னும் உணவிடுவது நலம். சினைநாய் ஈனுவதற்கு முந்தின நாளில் உணவை மறுப்பதும் உண்டு. புதிய உணவுக்கு மாற்ற விரும்புவோர், பழைய உணவில் கால் பங்கு, பிறகு அரைப் பங்கு என்று ஏழு முதல் பத்து நாட்களில் படிப்படியாக மாற்ற வேண்டும். இளங்குட்டிகளுக்கு நாளொன்றுக்கு மூன்று, நான்கு வேளை உணவு தேவை. மேற்சொன்ன கண்டிப்பு அவற்றிற்கு ஆகாது.

உணவின் சேர்க்கை

தயிர்ச்சோறு மட்டுமே உண்டு வளரும் நாய்க்குப் புரதம் போதாது. மயிர் உதிரும், தசை நலியும். தொடக்கத்திற்கு, சோறு அல்லது கேழ்வரகுக் களி இரண்டு பங்கும், எலும்பு நீக்கிய இறைச்சி, மீன் அல்லது முட்டை ஒரு பங்கும், வேகவைத்த பூசணி அல்லது காரட் அரைப் பங்கும் கொள்ளலாம். நாயின் வயதுக்கும் வேலைக்கும் ஏற்ப அளவையும், சுண்ணாம்புச் சத்து போன்றவற்றின் தேவையையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிந்து அமைத்துக்கொள்ள வேண்டும். ருசிக்காகக் கருவாட்டையும் மசாலாக் குழம்பையும் கலப்பது தவறு. அவற்றில் உப்பு மிகுதி. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களைச் சிதைப்பவை. திராட்சையும் சாக்லேட்டும் நஞ்சாகும். வெந்த கோழியெலும்பு கூராக முறிந்து குடலைக் கிழிக்கும்.

நோயால் விளையும் ஒதுக்கல்

வளர்ந்த நாய் 24 மணி நேரம் உணவைத் தீண்டாதிருந்தாலும், குட்டி இரண்டு வேளை மறுத்தாலும், காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உணவை மறுப்பதோடு சோர்வும் வாந்தியும் சேர்ந்திருந்தால் அவ்வளவு நேரமும் காத்திருத்தல் கூடாது. பல்முறிவு, ஈறு வீக்கம், குடற்புழு ஆகியவை எளிதில் தீரக்கூடிய காரணங்கள். உண்ணிகளால் பரவும் காய்ச்சலில் நாய் சோர்ந்து, ஈறு வெளுத்து, சிலபோது மூக்கிலிருந்து இரத்தம் வடியும். ஆதலால் காதின் உட்புறத்தையும் விரலிடுக்குகளையும் அடிக்கடி சோதித்தல் வேண்டும். குட்டிகள் உண்ணாமல் வாந்தியெடுத்து இரத்தக் கழிச்சல் கண்டால் பார்வோ நோயாக இருக்கலாம். ஒருநாள் தாமதமும் உயிருக்குக் கேடு. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாத வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கியதை இப்பகுதியார் மறந்திரார். மழைநீர் தேங்கும் காலங்களில் எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் நாயையும் பற்றும். அதிலிருந்து மனிதரையும் பற்றும்.

விழுங்க இயலாத நாய்

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது, பசியிருந்தும் விழுங்க இயலாத நிலை. நாய் உணவின் அருகே வரும், வாயில் எடுத்ததைக் கீழே நழுவ விடும், தாடை தொங்கும், உமிழ்நீர் வழியும், குரல் மாறிக் கம்மும். இதனைக் கண்டவர், தொண்டையில் எலும்பு சிக்கியதென்று எண்ணி வாய்க்குள் கைவிட்டுத் தேடுவது வழக்கம். ஆனால் வெறிநோயின் ஊமை வகையிலும் அறிகுறிகள் இவ்வாறே தோன்றும். வெறிநாய் என்றால் ஓடிக் கடிப்பதே என்று எண்ணுவோர் இங்கேதான் ஏமாறுகின்றனர். நோய்க்கிருமி உமிழ்நீரில் இருப்பதால், கடிபடாவிட்டாலும் கையிலுள்ள சிறு கீறல் வழியே அது உட்புகும். மனிதரிடம் அறிகுறி தோன்றிய பின் பிழைத்தல் மிகமிக அரிது.

ஆதலால் அத்தகைய நாயின் வாயைத் தொடலாகாது. குழந்தைகளையும் மாடுகளையும் விலக்கி, நாயை அறையிலோ கொட்டகையிலோ அடைத்து, கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். கையில் உமிழ்நீர் பட்டிருந்தாலும் கடிபட்டிருந்தாலும், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ செல்ல வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் தடவுதலாகாது. மருத்துவர் குறிக்கும் ஊசிகளை ஒன்றும் விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும். லூயி பாஸ்டர் 1885-ஆம் ஆண்டில் வெறிநோய்த் தடுப்பூசியை முதன்முதலாக மனிதருக்குப் பயன்படுத்தினார். நம் நாட்டில் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-ஆம் ஆண்டில் தோன்றியது. மருந்து இவ்வளவு காலமாக இருந்தும் உயிர்கள் போவதற்கு அறியாமையும் தாமதமும் முக்கிய காரணங்களாகும்.

கிராம அதிகாரிகளின் கடமை

நாய்களுக்கு மூன்று மாத வயதில் முதல் தடுப்பூசியும், பின்னர் மருத்துவர் குறிப்பிடும் காலத்தில் மறுஊசியும், அதன்பின் ஆண்டுதோறும் ஓர் ஊசியும் போடச் செய்வதே வெறிநோயை ஊரில் புகாமல் தடுக்கும் வழி. பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ஆம் நாள் உலக வெறிநோய் தடுப்பு நாளாக அனுசரிக்கப்படுகின்றது. அதனையொட்டிக் கால்நடை மருந்தகங்களில் முகாம்கள் நடைபெறுவதுண்டு. கிராம அதிகாரிகள் அச்செய்தியை முன்னதாகவே ஊராருக்கு அறிவித்தல் நன்று. விழுங்க இயலாத நாயைப் பற்றிய தகவல் வந்தால், அது யாருடைய நாய் என்று பாராமல் மருத்துவருக்கு எட்டச் செய்வதும் அவர்களது பொறுப்பாகும். மருந்தகத்தில் தீராத நோய்களுக்கு, வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை தாம்பரம் பகுதியாருக்கு ரயில் வழியே எட்டும் தூரத்தில் உள்ளது.

களத்தைக் காக்கும் நாய் தன் நோயை வாய்விட்டுச் சொல்லாது. உணவுத் தட்டே அதன் நிலையை முதலில் காட்டும். தட்டு மீதியானால், நாய் வேறெங்கே உண்டது, அதன் ஈறு எந்நிறம், அதனால் விழுங்க முடிகின்றதா என்னும் மூன்றையும் தூரத்திலிருந்தும் நிதானமாகவும் பார்ப்பவர், நாயையும் காப்பார், வீட்டாரையும் காப்பார்.