இருபது ஆண்டு தாங்கும் பூட்டு

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவிலிருந்து சோவியத் உளவுத்துறையினர் மாஸ்கோவுக்கு அனுப்பிய ரகசியத் தந்திகளை அமெரிக்க ராணுவம் நகலெடுத்துச் சேர்த்து வைத்தது. அப்போது அவற்றைப் படிக்க வழியில்லை. ஒரே ஒருமுறை பயன்படுத்த வேண்டிய சங்கேதத் தாள்கள் சில, மறுபடியும் அச்சாகி வேறு தொகுப்புகளிலும் சேர்ந்திருந்தது பிறகு பிடிபட்டது. 1946-ல் அமெரிக்க ராணுவத்தின் சங்கேத நிபுணர் மெரிடித் கார்ட்னர் செய்திகளைப் படிக்கத் தொடங்கினார். அவற்றின் மூலம் அடையாளம் தெரிந்த, சோவியத்துக்கு அணுகுண்டு ரகசியம் கொடுத்த கிளாஸ் ஃபுக்ஸ் 1950-ல் சிறைக்குப் போனார். 'வெனோனா' என்ற அந்தப் பணி 1980 வரை நடந்தது.

இன்றும் ஒட்டுக்கேட்பவர் செய்வது அதுதான்: இப்போது சேமிப்பது, குவாண்டம் கணினி வந்ததும் திறப்பது.

ஆபத்து எங்கே? செய்தியைப் பூட்டும் ஏஇஎஸ்-256 முறை குவாண்டம் கணினிக்கும் தாக்குப்பிடிக்கும். பூட்டின் சாவியை இரு தரப்பும் வானலையில் பகிர்ந்துகொள்ளும் கட்டம்தான் பலவீனம். அதற்குப் பயன்படும் ஆர்எஸ்ஏ முறை, பெரிய எண்ணைக் காரணிப்படுத்தும் சிரமத்தை நம்பியிருக்கிறது. போதிய திறனுள்ள குவாண்டம் கணினி அதை எளிதில் செய்துவிடும் என்று 1994-ல் பீட்டர் ஷோர் காட்டினார். நீள்வட்ட வளைவு முறைக்கும் அதே கதிதான்.

மாற்றாக, அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் சாவியைப் பகிர்வதற்கான எம்எல்-கெம் முறையை அறிவித்தது. நிறைய சமன்பாடுகளில் வேண்டுமென்றே சிறு பிழைகளைக் கலந்துவிடுகிறது இந்த முறை. பிழை இல்லாவிட்டால் பள்ளி மாணவரே தீர்க்கலாம். கலந்தபின் தீர்க்க, குவாண்டம் கணினிக்கும் விரைவான வழி எதுவும் அறியப்படவில்லை.

களத்திலிருந்து வானொலியில் செய்தி அனுப்புபவருக்கு இதில் ஒரு விலை உண்டு. நீள்வட்ட வளைவு வகையான பழைய எக்ஸ்25519 முறையில், எதிர்த்தரப்புக்கு அனுப்பும் பொதுச்சாவி 32 பைட். எம்எல்-கெம்-1024-ல் 1,568 பைட். நொடிக்கு 2,400 பிட் அனுப்பும் வானொலியில் முன்னது நொடியில் பத்தில் ஒரு பங்கு, பின்னது ஐந்து நொடிக்கு மேல். அனுப்பும் நேரம் நீள நீள, அலை வரும் திசையை அறியும் கருவிகள் அனுப்புபவர் இருக்குமிடத்தைக் கண்டுபிடிப்பதும் எளிதாகும். ஆகவே இணைப்பு பாதுகாப்பாக உள்ள நேரத்திலேயே சாவியைப் பகிர்ந்துகொண்டு, களத்தில் செய்தியை மட்டும் சுருக்கமாக அனுப்புவது நல்லது.

புதியதை மட்டும் நம்பிவிடவும் கூடாது. நிஸ்ட் பரிசீலனையில் இருந்த 'சைக்' முறையை 2022-ல் இரு பெல்ஜிய ஆய்வாளர்கள் சாதாரணக் கணினியில் சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். அதனால் பழையதையும் புதியதையும் சேர்த்தே பூட்டுவது பலரின் வழக்கம். சிக்னல் செயலி 2023 முதல் அப்படித்தான் செய்கிறது.

இதை இப்போதே செய்ய ஒரு காரணம் உண்டு: உளவுத்துறைக்குத் தகவல் தருபவரின் பெயர் அவர் ஆயுள் முழுவதும் வெளிவரக் கூடாது. குவாண்டம் கணினி வந்தபின் பூட்டை மாற்றினால், அதற்குமுன் அனுப்பிய செய்திகளுக்கு அது உதவாது.