கை நீளும் தூரத்தில் ஒரு கண்ணாடி

நீண்ட குழலும் தோளில் பதியும் கட்டையும் கொண்ட ரைபிளே வேட்டைக்குரிய ஆயுதம் என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல மாநிலங்களில் வெள்வால் மானையும் காட்டுப்பன்றியையும் கைத்துப்பாக்கியால் வேட்டையாடுவது, உரிமம், பருவம், தோட்டாவின் அளவு ஆகியவற்றுக்கான விதிகளோடு சட்டம் ஏற்றுக்கொண்ட பழக்கமாக இருந்துவருகிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையிலுள்ள இந்தியாவின் வாசகருக்கு இது அயலான உலகம்தான். எனினும், கைத்துப்பாக்கியின்மேல் எந்தக் குறிபார்க்கும் கண்ணாடியைப் பொருத்துவது என்று அவ்வேட்டைக்காரர்கள் ஓயாமல் விவாதிக்கும் கேள்வி, ஒளியியலும் இயக்கவியலும் மனித உடலின் எல்லைகளும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் சுவையான கேள்வியாகும்.

இப்பழக்கம் பரவுவதற்கு 1955ஆம் ஆண்டின் இறுதியில் உருப்பெற்ற .44 மேக்னம் என்னும் தோட்டா பெருங்காரணம். ஐடஹோ மாநிலத்தில் வாழ்ந்த எல்மர் கீத் என்ற வேட்டைக்காரர், பழைய .44 ஸ்பெஷல் தோட்டாவில் வழக்கத்தைவிட மிகுதியாக மருந்தடைத்துப் பல ஆண்டுகள் சோதித்தும் அதைப் பற்றி எழுதியும் வந்ததன் விளைவாக, ரிவால்வரை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனமும் தோட்டாவை ரெமிங்டன் நிறுவனமும் உருவாக்கின. 1971இல் வெளிவந்த 'டர்ட்டி ஹாரி' திரைப்படம் அதை நகரத்துக் காவலரின் கையில் காட்டிப் புகழ் தேடித்தந்தது என்றாலும், கீத் அதை விரும்பியது காட்டுக்காகவே. இதற்கிடையே 1967இல் வந்த தாம்சன் சென்டர் கன்டெண்டர், ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டுமே இடத்தக்கதாகவும் குழலை மாற்றிக்கொள்ளத்தக்கதாகவும் அமைந்து, ரைபிளுக்குரிய சில தோட்டாக்களையும் கைத்துப்பாக்கியில் சுட இடமளித்தபோது, ஆயுதம் எட்டும் தொலைவு வெறுங்கண்ணால் நுட்பமாகக் குறிவைக்கக்கூடிய தொலைவை விஞ்சிவிட்டது.

கண்ணாடி ஏன் வேண்டும் என்பதை உணர, அது இல்லாத நிலையை முதலில் பார்க்க வேண்டும். குழலின் நுனியிலுள்ள முன்குறியைப் பின்புறத்திலுள்ள பின்குறியின் பிளவுக்குள் நிறுத்தி, இரண்டையும் இலக்கோடு ஒரே கோட்டில் கொண்டுவருவதே பழைய முறை; வேட்டைக்கான ரிவால்வரில் இவ்விரு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர்தான் என்பதால், 50 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கை நோக்கும்போது இங்கே நேரும் பிசகு அங்கே இருநூறு மடங்காகப் பெருகுகிறது. அதாவது, முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் தோட்டா 20 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதியே ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அகலம் கொண்டது என்னும்போது, இந்த ஒரு மில்லிமீட்டர் விலங்கு உடனே விழுவதற்கும் காயத்தோடு ஓடி மறைந்து வதைபடுவதற்கும் இடையிலுள்ள வேறுபாடாகிறது. பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றும் வெவ்வேறு தூரங்களில் இருக்க, கண் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே தெளிவாகக் காணும் என்பது மற்றொரு தடை. நாற்பது வயதைக் கடந்தபின் கண்ணின் லென்ஸ் இறுகி வெள்ளெழுத்து ஏற்படும்போது, கை நீளத்தில் உள்ள முன்குறியே மங்கத் தொடங்குகிறது. வேட்டைக்காரர்களில் பலர் கண்ணாடியைத் தேடிப் போவது ஆற்றலை நாடி அல்ல, வயதின் கட்டாயத்தால்தான்.

குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பில் இலக்கின் பிம்பமும் குறுக்கிழைகளும் ஒரே தளத்தில் அமைவதால் மூன்று தூரச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. ஆனால் ரைபிளுக்குரிய ஸ்கோப்பைக் கைத்துப்பாக்கியில் வைக்க இயலாது. அதன் பின்லென்ஸிலிருந்து எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் தூரத்தில் கண் இருந்தால்தான் முழுப் பிம்பமும் தெரியும், கைத்துப்பாக்கியோ நீட்டிய கையின் முடிவில் நிற்கிறது. ஆகவே கண்ணுக்கும் பின்லென்ஸுக்கும் இடையே இருக்க வேண்டிய இத்தூரத்தை, கண்விலகு தூரம் எனத்தக்கதை, 30 முதல் 60 சென்டிமீட்டர் வரை நீட்டித் தனியாக வடிவமைக்கப்பட்ட ஸ்கோப்புகளே இங்கே பயன்படுகின்றன. இந்த நீட்சிக்கு உரிய விலையை இயற்கை வாங்காமல் விடுவதில்லை. எட்டிப் பிடித்த குழாயின் வழியே பார்ப்பதால் காட்சிப் பரப்பு சுருங்கிவிடுகிறது: நான்கு மடங்கு பெரிதாக்கும் ரைபிள் ஸ்கோப் 100 மீட்டர் தொலைவில் ஏழெட்டு மீட்டர் அகலத்தைக் காட்ட, அதே பெருக்கம் கொண்ட கைத்துப்பாக்கி ஸ்கோப் மூன்று மீட்டர் அளவையே காட்டுகிறது. முப்பது மீட்டரில் புதரிலிருந்து வெளிப்படும் மான் அதற்குள் முழுதாக அடங்காது. எந்த உறுப்பு என்று அறிய முடியாத பழுப்பு நிறம் மட்டுமே தெரியும்.

இதைவிடத் தொல்லை தருவது பின்லென்ஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் தடிமன். முன்லென்ஸின் விட்டத்தைப் பெருக்க எண்ணால் வகுத்தால் இத்தடிமன் கிடைக்கும். 20 மில்லிமீட்டர் முன்லென்ஸும் இரு மடங்குப் பெருக்கமும் கொண்ட ஸ்கோப்பில் அது 10 மில்லிமீட்டர், 32 மில்லிமீட்டர் லென்ஸோடு எட்டு மடங்கு என்றால் 4 மில்லிமீட்டர். ரைபிள்காரர் கன்னத்தைக் கட்டையில் பதித்துக் கண்ணை ஒரே இடத்தில் நிறுத்திக்கொள்ள முடிகிறது. கைத்துப்பாக்கியில் கன்னம் வைக்க இடமே கிடையாது என்பதால், அந்த 4 மில்லிமீட்டர் கற்றையைக் கண் காற்றில் துழாவித்தான் பிடிக்க வேண்டும். தவறினால் வட்டம் முழுவதும் இருண்டுபோகும். போதாக்குறைக்குப் பெருக்கம் இலக்கை மட்டும் பெரிதாக்குவதில்லை, கையின் நடுக்கத்தையும் பெரிதாக்குகிறது. நின்ற நிலையில் எட்டு மடங்கில் பார்ப்பவர் துள்ளும் குறுக்கிழையைக் கண்டு பதறி, அது இலக்கைக் கடக்கும் கணத்தில் விசையை வெடுக்கென இழுத்துவிடுகிறார். அதிகப் பெருக்கத்துக்குப் பணம் கொடுப்போரில் பெரும்பாலோர் தம் கையின் எல்லையை மறந்து கண்ணின் ஆசைக்கு இணங்குகிறார்கள் என்றே சொல்ல வேண்டும். 100 மீட்டருக்குள் சுடப்படும் ரிவால்வருக்கு இரு மடங்குப் பெருக்கமே தாராளம்.

பெருக்கமே இல்லாத மற்றொரு வழி செம்புள்ளிக் கருவி, அதாவது ரெட் டாட். சிறு விளக்கிலிருந்து வரும் சிவப்பொளியை வளைந்த கண்ணாடி இணைகதிர்களாக்கிக் கண்ணுக்குத் திருப்பியனுப்புவதால், புள்ளி இலக்கின்மேலேயே மிதப்பதுபோல் தெரிகிறது. இதன் அடிப்படைக்கு டப்ளினைச் சேர்ந்த ஹோவர்ட் கிரப் 1900ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தாலும், மின்கலத்தில் இயங்கும் வடிவத்தை 1975இல் சந்தைக்குக் கொண்டுவந்தது சுவீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனமே. கண் எந்தத் தூரத்திலும் இருக்கலாம், இரு கண்களையும் திறந்தே வைத்திருக்கலாம் என்பதால் நெருக்கமான காட்டில் இதற்கு நிகரில்லை. புள்ளியின் அளவைக் கோணத்தின் கலையால், அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கால் குறிப்பார்கள். ஒரு கலை 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர் ஆகும். ஆறு கலைப் புள்ளி விரைவாகக் கண்ணில் படும் என்றாலும் 100 மீட்டரில் 17 சென்டிமீட்டரை மறைத்துவிடும். இரண்டு அல்லது மூன்று கலைப் புள்ளியே வேட்டைக்கு ஏற்றது. கருவிழியின் வளைவு சீரற்றிருக்கும் அஸ்டிக்மேட்டிசம் என்னும் குறை உள்ளவருக்குப் புள்ளி வட்டமாகத் தெரியாமல் வால் நீண்டு சிதறித் தெரியும் என்பதால், வாங்குமுன் கடையிலேயே சொந்தக் கண்ணால் பார்த்துவிடுவது நலம். திறந்த வடிவில் விளக்கின்மேல் ஒரு மழைத்துளி நின்றாலே புள்ளி குலையும். மூடிய குழாய் வடிவம் சற்றுக் கனம் என்றாலும் ஈரக்காட்டில் நம்பத்தக்கது. சில மாநிலங்கள் மின்னணுக் குறிகருவிகளுக்குக் கட்டுப்பாடு விதிப்பதால் உள்ளூர் விதியையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எதைத் தேர்ந்தாலும் அது உதைப்பைத் தாங்க வேண்டும். 15 கிராமுக்குச் சற்று மேற்பட்ட .44 மேக்னம் தோட்டா நொடிக்கு 400 மீட்டர் அளவிலான வேகத்தில் வெளியேறும்போது, துப்பாக்கி பின்னும் மேலுமாகத் துள்ள, ஸ்கோப் தன் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்க முயல்கிறது. இந்த இழுபறி முழுவதும் அதைப் பிடித்திருக்கும் வளையங்களின்மேலும் சிறு திருகுகளின்மேலும் விழுவதால், கனமான ஸ்கோப் எவ்வளவு விலையுயர்ந்ததானாலும் விரைவில் நழுவும். இலேசான ஸ்கோப்பும், தேவைப்பட்டால் மூன்றாவது வளையமும், எண்ணெய் நீக்கி இழைப்பசை இட்டு முடுக்கிய திருகுகளுமே இதற்கு மருந்து. ரூகர் நிறுவனம் 1987இல் வெளியிட்ட சூப்பர் ரெட்ஹாக் ரிவால்வரின் சட்டகத்திலேயே வளையங்களுக்கான பள்ளங்களை வெட்டிக்கொடுத்தது இந்தச் சிக்கலை உணர்ந்த ஏற்பாடாகும். ரிவால்வரில் உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடுக்கின் வழியே சூடான வாயுவும் ஈயத்தூளும் பீறிடும் என்பதால், முன்லென்ஸ் அந்த இடுக்குக்கு நேர்மேலே அமையாதபடி பொருத்துவதும் அவசியம்.

பல மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பும் மறைவுக்கு அரை மணி பின்பும் மான் வேட்டைக்கு அனுமதி இருக்கிறது. மான்கள் பெரிதும் நடமாடுவதும் அந்த அரையிருளில்தான். மெல்லிய கருப்பு இழைகள் அப்போது பின்னணியில் கரைந்துவிடுவதால், ஓரங்களில் தடித்தும் நடுவில் மெலிந்தும் உள்ள குறுக்கிழை தேவைப்படுகிறது. செம்புள்ளியின் ஒளியையோ மிகவும் தணித்துவைக்க வேண்டும், இல்லையெனில் அதன் கூச்சத்தில் விலங்கே மறைந்துபோகும்.

கன்டெண்டர் போன்ற நீள்குழல் ஆயுதத்தில் .30-30 போன்ற ரைபிள் தோட்டாவை இட்டு, தாங்குகோலில் சாய்த்து 150 மீட்டருக்குச் சுடுபவரின் கணக்கு வேறு. அவருக்கு இரண்டிலிருந்து ஏழு மடங்குவரை மாற்றத்தக்க ஸ்கோப் நியாயமான தேர்வே. எனினும் காட்டுக்குள் நடக்கும்போது அதை இரண்டிலேயே வைத்திருக்க வேண்டும். தொலைவில் நிற்கும் மான், பெருக்கத்தை மாற்றும் வளையத்தைத் திருப்ப அவகாசம் தரும், காலடியில் கிளம்பும் மான் தராது.