கடன் தீர்க்கும் நடுவழியில்

கடன் வாங்குவது ஒரு நாள் வேலை. அதைத் தீர்ப்பதோ பல ஆண்டு வேலை. சங்கங்களின் ஆய்வுக்காக ஊர் ஊராகச் செல்லும் நாம், ‘இனிக் கடன் வாங்குவதில்லை, உள்ளதை அடைத்தே தீர்வது’ என்று ஒரு முறையேனும் உறுதி கொள்ளாத குடும்பத்தை அரிதாகவே கண்டிருக்கிறோம். தீபாவளிக் கூலி கைக்கு வந்த மறுநாளும், நெல் போட்ட பணம் கணக்கில் ஏறிய வாரத்திலும் அத்தகைய உறுதிகள் ஏராளமாகப் பிறக்கின்றன. ஆகவே உறுதிக்குப் பஞ்சமில்லை. ஐந்தாம் மாதத்திலோ ஆறாம் மாதத்திலோ, தொடக்கத்து ஆர்வம் அடங்கி, முடிவும் கண்ணுக்குத் தெரியாத நடுவழியில்தான் பஞ்சம் ஏற்படுகிறது. அந்த நடுவழியைக் கடப்பது எங்ஙனம் என்பது பற்றியே அங்கத்தினர்களுடன் சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

நாம் அறிந்த ஒரு நெசவாளர் குடும்பம். கணவர் குழித்தறியில் நெய்கிறார்; மனைவி தார் சுற்றுவது முதலான வேலைகளைச் செய்கிறார். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவர். மருத்துவச் செலவிலும் வீட்டுக் கூரைப் பணியிலும் சேர்ந்துவிட்ட தனியார் கடன் 60,000 ரூபாய். மூன்று வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். அடகு வைக்க நகையேதும் மீதமில்லை.

அவர்கள் முதன்முறை உறுதி எடுத்தபோது மாதம் 5,000 ரூபாய் கட்டினார்கள். தேநீர் நிறுத்தப்பட்டது, கறி நிறுத்தப்பட்டது, பிள்ளைகளுக்குத் தின்பண்டம் நிறுத்தப்பட்டது. நான்கே மாதங்களில் கடன் ஏறக்குறைய 46,600 ரூபாயாக இறங்கியது. பின்னர் ஐப்பசி மழை வந்தது. தெருவில் பாவு போட இயலவில்லை. தறிக் குழியில் நீர் ஊறியது. இரண்டு மாதம் தவணை நின்றது. அவ்வேளையில்தான் கணவருடைய தங்கையின் மகளுக்குக் காதணி விழா. தாய்மாமன் சீருக்கென அதே இடத்தில் 10,000 ரூபாய் வாங்கினார்கள். வட்டியும் சேர்ந்து கடன் மீண்டும் 60,000 ரூபாயை ஒட்டி வந்து நின்றது. ஆறு மாத உழைப்பும், ஆறு மாத வயிற்றுக் கட்டும் வீணாயின.

“நாம் தேநீர் குடிக்காமல் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை ஐயா, சீர் வைக்காமல் இருந்தால் ஊரே பார்க்கும்” என்றார் அந்த அம்மையார். அச்சொல்லில் பொய்யில்லை. அவர்கள் சிக்கனம் அறியாதவர்களும் அல்லர். மன உறுதி அற்றவர்களும் அல்லர். நல்ல மாதத்தின் கூலியைக் கொண்டு தவணையை அளந்தார்கள். மழைக்கும் சீருக்கும் இடம் வைக்கவில்லை. அதுவே குறை.

மெலிந்த மாதத்தை வைத்து அளத்தல்

இரண்டாம் முறை அவர்கள் மாதம் 3,000 ரூபாய் என்று தீர்மானித்தனர். கூலி குறைந்த மாதத்திலும் வயிற்றை வாட்டாமல் கொடுக்கக்கூடிய தொகை அது. நல்ல மாதங்களில் மிஞ்சுவதைச் சங்கத்தின் சேமிப்புக் கணக்கில் போட்டு, மழைக்காலத் தவணைக்கென ஒதுக்கினர். பெரிய தொகையை விட்டுச் சிறிய தொகையைப் பற்றியது பின்வாங்கல் போலத் தோன்றும். ஆனால் இடையறாத 3,000, இடையில் அறுந்த 5,000 ரூபாயை வென்றுவிடும்.

அங்கத்தினர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். 60,000 ரூபாய்க்கு மூன்று வட்டியில் மாத வட்டி 1,800 ரூபாய். வட்டியை மட்டும் கட்டி வருபவர் 34 மாதங்களில் வாங்கிய தொகைக்கு மேல் கட்டியிருப்பார். முதல் அப்படியே நிற்கும். மாதம் 2,500 கட்டினால் கடன் தீர 43 மாதங்களுக்குச் சற்று மேலாகும். கட்டும் மொத்தத் தொகை ஏறக்குறைய 1,07,700. மாதம் 3,000 கட்டினால் 31 மாதங்களில் தீரும், மொத்தம் 93,000. மாதம் 500 ரூபாய் கூடுதலாகக் கட்டுவது ஓர் ஆண்டைக் குறைக்கிறது. ஏறக்குறைய 14,700 ரூபாயையும் மிச்சப்படுத்துகிறது.

இக்கணக்கு நிலுவைத் தொகைக்கு மட்டுமே வட்டி என்ற ஏற்பாட்டில்தான் பலிக்கும். சிலர் முதலில் சிறு பகுதியை வாங்க மறுத்து, முழுத் தொகைக்கும் வட்டியே கேட்பர். நமது நெசவாளர் சங்கச் செயலாளரைத் துணைக்கு அழைத்துச் சென்று, கட்டும் ஒவ்வொரு தொகையிலும் வட்டி எவ்வளவு, முதல் எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் பெற்றார். இதற்குக் கூச்சப்பட வேண்டுவதில்லை.

விவசாயிகளுக்கு மாதக் கூலி இல்லை. அறுவடைக்கு அறுவடைதான் பணம். அவர்கள் தவணையை விளைச்சலோடு பிணைத்துக் கொள்ளுதல் நலம். நெல்லுக்கோ கரும்புக்கோ உரிய பணம் கணக்கில் ஏறிய அன்றே கடன் பகுதியைக் கட்டிவிட வேண்டும். ஒரு வாரம் கழிந்தால் அப்பணத்துக்கு ஆயிரம் உரிமையாளர்கள் தோன்றிவிடுவர். கறவை மாடு உள்ள வீட்டில் பால் பணத்தின் ஒரு பகுதியை வட்டிக்கென ஒதுக்கினால், அறுவடைப் பணம் முழுதும் முதலில் கழியும்.

கண்ணுக்குத் தெரியும் கணக்கு

தறியில் அமர்ந்தவர் நெய்த துணியைச் சுருட்டிக்கொண்டே போகிறார். அவர் கண்ணெதிரே இருப்பது இன்னும் நெய்யப்படாத பாவுதான். கடன் அடைப்பவர் நிலையும் அத்தகையதே. கட்டியது கண்ணில் படுவதில்லை. கட்ட வேண்டியதே எந்நேரமும் எதிரே நிற்கிறது. மனம் தளர்வதற்கு இதுவே பெருங்காரணம்.

மேற்சொன்ன குடும்பத்தின் மூத்த பெண் இதற்கு ஒரு வழி கண்டாள். ஒரு நீளத் தாளில் அறுபது கட்டங்கள் போட்டு அடுப்படிச் சுவரில் ஒட்டினாள். முதலில் ஆயிரம் ரூபாய் குறையும்போதெல்லாம் ஒரு கட்டத்துக்கு வண்ணம் தீட்டுவது வழக்கமாயிற்று. முதல் மாதம் 3,000 கட்டியும் முதலில் குறைந்தது 1,200 ரூபாய்தான், ஒரே கட்டம்! அது கண்டு தந்தைக்குச் சோர்வுதான் உண்டாயிற்று. முதலாண்டு முடிவில் கட்டிய 36,000 ரூபாயில் முதலில் கழிந்தது ஏறக்குறைய 17,000. ஆனால் முதல் குறையக் குறைய வட்டியும் குறைந்தது. அதே 3,000 ரூபாய் இரண்டாம் ஆண்டில் 24,000 ரூபாய்க்கு மேல் முதலைக் கரைத்தது. இன்று 24 மாதங்கள் சென்றுள்ளன. நாற்பத்தொரு கட்டங்கள் நிறைந்துவிட்டன. எஞ்சியுள்ள ஏறக்குறைய 18,700 ரூபாய்க்கு ஏழு மாதங்கள் போதும்.

அங்கத்தினர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய செய்தி இதுவே: முதலாண்டே மிகக் கடினமானது. அதைக் கடந்தவருக்குக் கணக்கே துணை நிற்கத் தொடங்குகிறது. முதலாண்டின் சிறு பலனைக் கண்டு ‘இது தீராத கடன்’ என்று கைவிடுபவர், ஏற்றத்தை ஏறி முடித்தபின் இறக்கத்தில் வண்டியை விட்டு இறங்குபவர் ஆகிறார்.

எதனை முதலில் அடைப்பது?

பல கடன்கள் உள்ளவர் முதலில் அனைத்தையும் ஒரே தாளில் எழுத வேண்டும். மளிகைக் கடைப் பாக்கியும் இதில் அடங்கும். ஓரிரு மாதங்களில் தீரக்கூடிய சிறு பாக்கி இருந்தால் அதனை முதலில் முடிப்பது மனத்துக்கு ஊக்கம் தரும். அதன்பின் வட்டி மிகுந்தது எதுவோ அதன்மேல் கை வைக்க வேண்டும்.

வட்டி மிகுந்தது எது என்பதில் பலர் ஏமாறுகின்றனர். தினத் தண்டலில் 8,500 ரூபாய் கையில் பெற்று, நாள்தோறும் 100 ரூபாயாக நூறு நாள் கட்டுவது சிறு சுமை போலத் தோன்றும். குறைந்து வரும் நிலுவைக்கு வட்டியைக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய மாதம் பத்து வட்டி! மாறாக, சில ஊர்களில் நெசவாளர் வாங்கும் முன்பணத்துக்கு வட்டியே இல்லை என்பர். அம்முன்பணம் தீரும்வரை வேறிடத்தில் நெய்ய இயலாது. கொடுத்த கூலியை ஏற்க வேண்டியதே. அங்கே கூலிக் குறைவுதான் வட்டி. சங்கக் கூலியோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும்.

வட்டி குறைந்த கடனைக் கொண்டு வட்டி மிகுந்த கடனை அடைப்பதும் நல்வழியே. எஞ்சிய நகை இருப்பின் சங்கத்தின் நகைக்கடன் உதவும். தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனை உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துவோர்க்கு வட்டியே இல்லை. ஆகவே சாகுபடிச் செலவுக்கு வெளியில் கடன் வாங்குவது வீண் இழப்பு. ஆனால் பழைய இடத்தில் மீண்டும் கை நீட்டுபவருக்கு ஒரு கடன் இரண்டாகும். அவருக்கு இவ்வழி ஆகாது.

தள்ளுபடி வரும் என்று தவணையை நிறுத்துவோரும் உளர். 2021ஆம் ஆண்டில் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி செய்யப்பட்டது உண்மையே. ஆயினும் அது கூட்டுறவுக் கடனுக்கே உரியது. தண்டலையும் கைமாற்றையும் அது தொடவில்லை. வருமா வராதா என்று தெரியாத ஒன்றை நம்பித் தவணையை நிறுத்துவது, மழையை நம்பி விதைநெல்லை உண்பதற்கு ஒப்பாகும்.

சிக்கனத்துக்கும் எல்லை உண்டு

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. அளவு என்பது செலவுக்கு மட்டுமன்று, சிக்கனத்துக்கும் உரியது. பிள்ளைகளின் பாலையும், உழைப்பவரின் உணவையும் குறைத்துச் சேர்க்கும் காசு மருந்துக் கடைக்கே செல்லும். மகிழ்ச்சி அனைத்தையும் விலக்கி வைத்த வீட்டில் சிக்கனம் நீடிப்பதில்லை. ஒருநாள் கட்டு அறுந்து, அடக்கி வைத்த ஆசையெல்லாம் கடனாக வெளிப்படும். அக்குடும்பம் இரண்டாம் முறை தேநீரை நிறுத்தவில்லை. பத்துக் கட்டங்கள் நிறையும்போதெல்லாம் ஒரு ஞாயிறு கறிச் சமையல் என்று வகுத்துக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்குப் பிள்ளைகள் காத்திருக்கின்றனர். தவணை தவறாமல் பார்த்துக்கொள்வோரும் அவர்களே.

சீரும் மொய்யும் ஒழிய வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அவை திடீரென்று வருவன அல்ல. எந்த ஆண்டு எந்த வீட்டில் விசேஷம் என்பது பெரும்பாலும் முன்பே தெரியும். மாதந்தோறும் சிறுதொகை அதற்கென ஒதுக்கினால் அது செலவு; ஒதுக்காவிட்டால் அதுவே கடன். தகுதிக்கு மிஞ்சிய சீரை எதிர்பாராத உறவினரும் உண்டு. “அண்ணா, கடன் தீரட்டும், எங்களுக்குச் சீர் முக்கியமல்ல” என்று அந்தத் தங்கையே பின்னர் சொன்னாராம். முன்பே வாய் திறந்திருந்தால் 10,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

தனியே சுமக்க வேண்டுவதில்லை

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டு 28 பேர் கூடி ஒரு கடை திறந்தனர். அவர்களுள் பலர் நெசவாளர்கள், வறுமையில் உழன்றவர்கள். ஆளுக்கு ஒரு பவுண்டு மூலதனத்தை ஒரே நாளில் போட இயலாமல், வாரம் இரண்டு பென்ஸ், மூன்று பென்ஸ் என்று சேர்த்தனர். அக்கடையில் இருந்தவை மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற சில பண்டங்களே. அதன் கண்டிப்பான விதிகளுள் ஒன்று, கடனுக்கு விற்பதில்லை என்பது. உலகெங்கும் பரவிய கூட்டுறவு இயக்கம் அக்கடையைத் தன் முன்னோடியாகப் போற்றுகிறது. ஏழை நெசவாளர் தனித்தனியே எடுத்திருந்தால் நிலைத்திராத உறுதி, கூடி எடுத்ததால் நிலைத்தது.

நம் நாட்டில் 1951-52இல் நடந்த கிராமக் கடன் ஆய்வு, விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவு அளித்தது நூற்றுக்கு மூன்று பங்கு அளவே என்று காட்டிற்று. அந்நிலை இன்று பெரிதும் மாறியுள்ளது. ஆயினும் கடன் கொடுப்பதோடு சங்கத்தின் கடமை முடிந்துவிடாது. கடன் அடைக்கும் நாலைந்து குடும்பங்கள் மாதம் ஒரு மாலை சங்கக் கட்டடத்தில் கூடித் தத்தம் கணக்கை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளலாம். அடுத்தவர் கட்டம் நிறைவதைக் காண்பவர் தம் கட்டத்தை வெறுமையாக விடார்.

வட்டிக்காரர் மிரட்டினாலோ, வீட்டுக்கு வந்து அவமதித்தாலோ மௌனமாகப் பொறுக்க வேண்டியதில்லை. கந்துவட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றை 2003ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. காவல் நிலையத்திலும் மாவட்ட ஆட்சியரிடமும் முறையிடலாம். கடனுக்கு அஞ்சி ஊரை விட்டோ, உயிரை விட்டோ போன குடும்பங்களின் செய்தி நம் நெஞ்சைப் பிளக்கிறது. எந்தக் கடனும் ஓர் உயிரின் விலை பெறாது. சொல்லத் தயங்குபவர் சங்கச் செயலாளரிடமேனும், நம்பிக்கைக்குரிய ஓர் அங்கத்தினரிடமேனும் மனம் திறந்து சொல்லுக.

இம்மாதக் கூலியோ பால் பணமோ கைக்கு வரும் நாளில் ஒவ்வொரு வீட்டிலும் கணவனும் மனைவியும் அமர்ந்து மூன்றே செயல்களைச் செய்யட்டும்: எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுதுதல், மெலிந்த மாதத்தை வைத்துத் தவணையைத் தீர்மானித்தல், பிள்ளைகள் பார்க்கும் சுவரில் கட்டங்களை ஒட்டுதல். முதல் கட்டம் நிறைவதற்கு ஒரு மாதமாகலாம். அக்கட்டம் நிறைந்த வீட்டில் அடுத்த கட்டமும் நிறையும்.