அறமும் ஆதாயமும் – 9: விற்றவர்கள் விட்டுச்சென்ற சாசனம்

ஜெனா நகரத்து ஏர்ன்ஸ்ட் அபே, தம் தொழிற்சாலைப் பங்குகளை அறநிலையத்தின் பெயருக்கு எழுதிவைத்து, அதனை விலைபேசும் வழியையே அடைத்துவிட்ட வரலாற்றைச் சென்ற வாரம் பார்த்தோம். பென் கோஹன், ஜெர்ரி கிரீன்ஃபீல்டு என்னும் அமெரிக்க நண்பர் இருவருக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. 1978-ல் வெர்மான்ட் மாநிலத்துப் பர்லிங்டன் நகரில், கைவிடப்பட்ட ஒரு பெட்ரோல் நிலையத்தைச் செப்பனிட்டு ஐஸ்கிரீம் விற்கத் தொடங்கிய அவர்கள், 1984-ல் முதல் திரட்ட முற்பட்டபோது, ஊரார் ஆதரவால் வளர்ந்த தொழிலின் லாபம் ஊராருக்கே சேரவேண்டும் என்ற எண்ணத்தினால், வெர்மான்ட் வாசிகளுக்கு மட்டுமே பங்கு விற்பதென்றும், சாமானியரும் சேரத்தக்கதாகக் குறைந்தபட்ச முதலீடு 126 டாலர் என்றும் நிர்ணயித்தார்கள். ஆனால், பங்குகள் பின்னர் பொதுச் சந்தைக்குச் சென்றன. சந்தைக்குப் போன பங்கு அதிக விலை கேட்பவர் வசமாவதைத் தடுக்கும் சக்தி நல்லெண்ணத்துக்கு ஏது? 2000-ஆம் ஆண்டில், யூனிலீவர் 32.6 கோடி டாலருக்கு நிறுவனத்தை வாங்கிற்று.

மனமில்லாமல் விற்றவர்கள், வெறுங்கையோடு வெளியேறவில்லை. நிறுவனத்தின் சமூக லட்சியத்தையும் பெயரின் மாண்பையும் காக்கும் பொறுப்பு, தன் உறுப்பினரைத் தானே தேர்ந்துகொள்ளும் சுதந்திரக் குழு ஒன்றினுடையது என்றும், நிதியும் அன்றாட நிர்வாகமும் யூனிலீவருடையவை என்றும் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதனை வெற்றுக் காகிதம் என்று நான் சொல்லத் துணியேன். நியூயார்க்கை அடுத்த யாங்கர்ஸில் கிரேஸ்டன் என்றொரு பேக்கரி உண்டு. வேலை கேட்டு வருபவரிடம் படிப்பையோ சிறைவாசத்தையோ விசாரியாமல், பெயரை மட்டும் எழுதிக்கொண்டு, இடம் காலியாகும்போது வரிசைப்படி அழைத்துக்கொள்வது அதன் வழக்கம். அத்தகையோர் சுட்ட பிரௌனித் துண்டுகளே, விற்பனைக்குப் பிறகும் அந்த ஐஸ்கிரீமில் விழுந்துவந்தன.

சோதனை 2021-ல் வந்தது. இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள பாலஸ்தீனப் பகுதிகளில் தன் ஐஸ்கிரீம் விற்கப்படாது என்று நிறுவனம் அறிவித்ததும், அமெரிக்க மாநிலங்கள் சில யூனிலீவரில் தாம் போட்டிருந்த பணத்தைத் திரும்பப் பெறலாயின. மறு ஆண்டு யூனிலீவர், இஸ்ரேல் வியாபாரத்தை அங்குள்ள உரிமதாரருக்கே விற்றுவிட்டது, சுதந்திரக் குழு வழக்குத் தொடுத்தது, சமரசமாயிற்று, 2024-ல் மீண்டும் வழக்கு.

எது லட்சியம், எது நிர்வாகம் என்று பிரித்தறிய முடியாத விஷயம் ஒன்று எழுந்தால், இறுதி வார்த்தை யாருடையது? பூசலின் வேர், தலைமை நிர்வாகியை நியமிப்பதில் குழுவுக்குக் கலந்தாலோசிக்கும் உரிமையை மட்டும் தந்து, முடிவை யூனிலீவரிடம் விட்ட ஷரத்திலேயே இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். தம் சம்பளத்தையும் பதவியையும் தீர்மானிப்பவரை நோக்கியே எந்த நிர்வாகியின் முகமும் திரும்பும். லட்சியத்தைக் காக்கும் குழு நீதிமன்றப் படிகளில் நிற்கவேண்டியதாகும். ஒப்பந்தம் கையெழுத்தாகிக் கால் நூற்றாண்டு கழிந்த பின், 2025 செப்டம்பரில், வாக்களிக்கப்பட்ட சுதந்திரம் பறிபோயிற்று என்று சொல்லி ஜெர்ரி கிரீன்ஃபீல்டு தம் நிறுவனத்தைவிட்டு விலகினார்.

வாக்குரிமையையும் லாபத்தையும் வெவ்வேறு கைகளில் ஒப்படைத்த பாட்டகோனியாவின் ஏற்பாட்டை அடுத்த வாரம் ஆராய்வோம்.