கொழும்பின் சுவர்கள்: தெரு ஓவியத்தை நோக்கும் முறை பற்றிய சில குறிப்புகள்

அண்மைக் காலத்திலே கொழும்பு மாநகரின் வீதியோரச் சுவர்கள் கலைபற்றிச் சிந்திப்போரின் கவனத்தை ஈர்க்கத் தொடங்கியுள்ளன. சுவரொட்டிகளும் தேர்தற் சின்னங்களும் கறைகளுமே நிறைந்திருந்த மதில்கள் பலவற்றிலே வர்ண ஓவியங்கள் தோன்றின. அவற்றுட் சில நிலைத்தன, சில வெயிலில் வெளுத்தன, சில வெள்ளையடிக்கப்பட்டன. இவைபற்றி நம்மிடையே நிகழும் உரையாடல் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளுள் அடங்கிவிடுகின்றது. நகரை அழகுபடுத்தும் நற்பணி என ஒரு சாரார் போற்றுவர். பொதுச்சுவரைக் கெடுக்கும் ஒழுங்கீனம் என மற்றொரு சாரார் தூற்றுவர். சுவரை வெறும் பரப்பாகக் கொள்வதில் இவ்விரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். ஆயின் கொழும்பிலே, யார் யாரை நோக்கி, எம்மொழியில், எவருடைய இசைவுடன் பேசலாம் என்னும் வினாக்களுக்கு விடை காணும் களமாகவே சுவர் இருந்து வந்துள்ளது. அவ்வினாக்களையும் உடன்கொண்டு நோக்குமிடத்தே தெரு ஓவியத்தின் கலைப்பெறுமானம் முழுமையாகப் புலனாகும் என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சொற்களை வரையறை செய்துகொள்ளுதல் நலம். பிறர் இசைவை எதிர்பாராது பொதுச்சுவரில் எழுதப்படுவதையும் கீறப்படுவதையும் சுவரெழுத்து என்றும், திட்டமிட்டுப் பேரளவில் வரையப்படும் சித்திரத்தைச் சுவரோவியம் என்றும், இவ்விரண்டையும் தழுவிய பொதுப்பெயராகத் தெரு ஓவியம் என்றும் இங்கு வழங்குவோம். இவற்றுக்கு இடையிலான எல்லைக்கோடு காலந்தோறும் இடம் பெயர்வதாகும். இதற்குச் சிகிரியா தக்க சான்று. கி.பி. 5ஆம் நூற்றாண்டிலே காசியப்பன் சமைத்த அக்குன்றின் கண்ணாடிச் சுவரிலே, பிற்காலத்தில் அங்கு வந்துசென்றோர் பாடல்களைக் கீறி வைத்தனர். 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான அத்தகைய பாடல்கள் 685ஐப் பேராசிரியர் செனரத் பரணவிதான 1956இல் பதிப்பித்து வெளியிட்டார். அவற்றுட் பல அங்குள்ள ஓவியப் பெண்களை நோக்கிப் பாடப்பட்டவை. துறவியரும் அலுவலரும் பெண்களும் அவற்றை இயற்றியோருள் அடங்குவர். சுவரைக் கீறியோரே இந்நாட்டில் ஓவியம் பற்றிய தம் எண்ணங்களை எழுதிவைத்த தொல்லோராகவும் அமைகின்றனர் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. அதே சுவரில் 2015ஆம் ஆண்டு தம் பெயரைக் கீறிய இளம்பெண் ஒருவர் இரண்டாண்டுச் சிறைத்தண்டனை பெற்று, பின்னர் சனாதிபதியின் மன்னிப்பால் விடுவிக்கப்பட்டார். தொல்பொருளைக் காக்கும் சட்டத்தின் தேவையை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும், ஒரு காலத்தில் இலக்கியச் செல்வமான செயல் பிறிதொரு காலத்தில் குற்றமாகின்றது எனில், சுவரெழுத்தின் மதிப்பு எழுத்தினால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று என்பது தெளிவு.

சுவரோவிய மரபு நமது நாட்டில் நீண்டது. எனினும் அது பெரும்பாலும் வழிபாட்டிடங்களின் உட்சுவர்களையே சார்ந்து வளர்ந்தது. கொழும்பிலேயே ஜோர்ஜ் கீற் 1939-40ஆம் ஆண்டுகளிற் பொரளை கோதமி விகாரையில் வரைந்த சுவரோவியங்கள் அம்மரபின் நவீன முகமெனத் தக்கவை. 1943இல் தோன்றிய '43 குழு'வின் முதன்மையான ஓவியர்களுள் அவரும் ஒருவர். எனினும் விகாரையின் சுவரையும் காட்சிக்கூடத்தின் சுவரையும் நாடிச் செல்வோரே காண்கின்றனர். தெருச் சுவரோ, காண வேண்டும் என்னும் நோக்கம் இல்லாது பேருந்திற் செல்பவனையும் பள்ளி செல்லும் பிள்ளையையும் மீன் வாங்கித் திரும்பும் மூதாட்டியையும் ஒருங்கே பார்வையாளராக்குகின்றது. பார்வையாளர் தெரிந்தெடுத்து வராத இடத்தில் வைக்கப்படும் கலைக்குப் பொறுப்பும் மிகுதியாகும்.

இப்பொறுப்பு யாது என்பதைக் கொழும்புத் தமிழரின் வரலாற்று அனுபவம் நன்கு உணர்த்துகின்றது. 1957இல் வாகன இலக்கத் தகடுகளிலே சிங்கள 'ஸ்ரீ' எழுத்து புகுத்தப்பட்டது. 1958ஆம் ஆண்டின் முற்பகுதியில், அவ்வெழுத்தைத் தாங்கிய பேருந்துகள் வடக்கே அனுப்பப்பட்டபோது, தமிழரசுக் கட்சியினர் அதனைத் தார் பூசி அழிக்கும் இயக்கத்தை நடத்தினர். அதற்கு எதிர்வினையாகக் கொழும்பிலும் தென்பகுதி நகரங்கள் பிறவற்றிலும் கடைகளின் பெயர்ப்பலகைகளில் இருந்த தமிழ் எழுத்துகள் தார் பூசி அழிக்கப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரலில் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் வன்செயல் வெடித்தது. ஒரு வாளித் தாரும் ஒரு தூரிகையும் ஓர் இனத்தின் பெயரை வீதியினின்றும் அகற்றப் போதியனவாக இருந்தன. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பெயர்ப்பலகைகளோடு கடைகளும் வீடுகளும் எரியுண்டன. பின்னர், 1987 - 89 கிளர்ச்சிக் காலத்திலே தென்பகுதியின் சுவர்களில் இரவோடிரவாக ஒட்டப்பட்ட கையெழுத்துச் சுவரொட்டிகள் கடைகளை மூடுமாறும் பணிக்குச் செல்லாதிருக்குமாறும் கட்டளையிட்டன. மீறியோர் சிலர் உயிரையே இழந்தனர். சுவரில் எழுதப்பட்டதை வாசித்துத் தம் நாளாந்த வாழ்வை வகுத்துக்கொள்ள வேண்டிய நிலை இவ்வாறு இந்நாட்டு மக்கள் எல்லோருக்குமே நேர்ந்ததுண்டு. இப்பின்னணியை மறந்து சுவரோவியத்தை வெறும் அலங்காரமாக நோக்குதல் வரலாற்றுக்குப் பொருந்தாது.

இனி, அண்மைக் கால ஓவியங்களுக்கு வருவோம். 2019 நவம்பர் 16இல் நிகழ்ந்த சனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ வெற்றிபெற்றதை அடுத்து, கொழும்பிலும் நாட்டின் ஏனைய பகுதிகளிலும் இளைஞர்கள் பெருந்தொகையினராகத் திரண்டு வீதியோரச் சுவர்களிலே ஓவியம் தீட்டினர். ஊதியம் பெறாது, தம்மவரிடையே பணமும் வர்ணமும் திரட்டி, விடுமுறை நாட்களிற் கூடி உழைத்தனர். முன்பின் தூரிகை பிடித்திராதோரும் அவருள் இருந்தனர். இக்கூட்டு உழைப்பின் உண்மையான ஆர்வத்தை ஏளனஞ் செய்தல் தகாது. எனினும் அவர்கள் வரைந்தவை யாவை? யானைகளும் குளங்களும் தாமரைகளும் ஒருபுறமிருக்க, பண்டைச் சிங்கள மன்னரும் ஆயுதந்தாங்கிய படைவீரரும் அச்சித்திரங்களிலே முக்கிய இடம் பெற்றனர். கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம் உட்பட தேவாலயங்களும் விடுதிகளும் தாக்கப்பட்ட ஏப்ரல் 21 கழிந்து ஏழு மாதங்களே ஆகியிருந்தமையின், பாதுகாப்பை வேண்டிய மனநிலையை அப்படைவீரர் உருவங்களிற் காண்பது கடினமன்று. ஆனால், ஒரே உருவம் எல்லாக் கண்களுக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. சோதனைச் சாவடிகளையும் சுற்றிவளைப்புகளையும் பல்லாண்டுகள் அனுபவித்த வெள்ளவத்தைத் தமிழ்க் குடும்பத்தினருக்கு, சுவரிலே துப்பாக்கியுடன் நிற்கும் உருவம் காவலின் குறியீடாக அமைவது எளிதன்று. இத்தகைய வினாக்கள் அன்றே எழுப்பப்பட்டன. சிங்களக் கலைஞரும் விமர்சகரும் அவற்றை எழுப்பியோருள் இருந்தனர் என்பதையும் குறிப்பிடல் வேண்டும்.

ஆட்சியின் ஆதரவை அல்லது அதன் மனப்பாங்கைச் சார்ந்து எழும் சுவரோவியம் யாவும் தாழ்ந்தது எனக் கொள்ளுதலும் தவறாகும். 1920களில் மெக்சிக்கோவின் புரட்சிக்குப் பிந்திய அரசு பொதுக் கட்டடங்களின் சுவர்களை ஓவியர்க்கு ஒப்படைத்தபோது, டியேகோ றிவேராவும் ஒறோஸ்கோவும் சிக்கெய்றோசும் உழவரையும் தொழிலாளரையும் பழங்குடியினரையும் வரலாற்றின் நாயகராக்கினர். அரசின் சுவரில், அதுவரை சுவரில் இடம்பெறாதோரை அவர்கள் ஏற்றினர். அரசையும் செல்வரையும் கண்டிக்கவும் தயங்கினாரல்லர். ஆகவே, சுவரை அளித்தவர் யார் என்னும் வினாவுடன், அச்சுவரிற் புதிதாக இடம்பெற்றவர் யார் என்னும் வினாவையும் சேர்த்தே எழுப்புதல் வேண்டும். 2019ஆம் ஆண்டின் ஓவியங்களுட் பலவற்றின் குறைபாடு, பாடநூல்களும் நாணயத்தாள்களும் ஏற்கெனவே போற்றியவற்றையே அவை மீண்டும் போற்றியமையாகும்.

மூன்றாண்டுகள் கழியுமுன்னர் நகரின் காட்சி மாறியது. பொருளாதாரம் சரிந்து, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நீண்ட வரிசைகளில் நின்ற 2022ஆம் ஆண்டில், ஏப்ரல் 9ஆந் திகதி காலிமுகத்திடலிலே போராட்டக்காரர் கூடாரமிட்டனர். 'கோட்டா கோ கம' என அவர்கள் பெயரிட்ட அவ்விடத்திலே, பதாகைகளும் கேலிச்சித்திரங்களும் உருவங்களும் நிறுவப்பட்டன. சனாதிபதிச் செயலகத்தின் முகப்பின் மீதே முழக்கங்கள் ஒளிவீச்சினால் எழுதப்பட்டன. சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசகங்கள் அருகருகே நின்றன. நாட்டுப்பண் தமிழிலும் பாடப்பட்டது. மே 18இல் முள்ளிவாய்க்காலில் மாண்டோர் அங்கு நினைவுகூரப்பட்டனர். 1958இன் தார் வாளியை நினைவிற்கொள்வோர்க்கு, தலைநகரின் அதிகாரபீடத்தின் முன்னே தமிழெழுத்து அச்சமின்றி நின்ற அக்காட்சியின் பொருள் விளங்கும். இதனை மிகைப்படுத்தலும் கூடாது: தமிழரின் நீண்டகாலக் கோரிக்கைகளை அவ்வியக்கம் முழுமையாக ஏற்றது எனல் இயலாது. யூலை 22 அதிகாலையிற் படையினர் செயலக வாயிலிலிருந்து போராட்டக்காரரை அகற்றினர். அடுத்த மாதத்திற் கூடாரங்களும் மறைந்தன. ஒளியால் எழுதப்பட்டதை அழிக்கச் சுண்ணாம்பு தேவைப்படவில்லை. ஆனால், அதன் ஒளிப்படங்கள் உலகெங்கும் பரவியிருந்தன.

இவ்விரு பேரலைகளுக்கும் முன்னரே, 2018இல், கொம்பனித்தெருவிலே அமைதியான முயற்சியொன்று தொடங்கியது. அப்பகுதியைச் சேர்ந்த ஓவியர் பிரி ரஹ்மான், விக்கி ஷாஜஹான், பரிலோஜிதன் இராமநாதன், மனாஷ் பதுர்தீன் ஆகியோருடன் இணைந்து மேற்கொண்ட அம்முயற்சியின் ஆங்கிலப் பெயர் 'நாம் இவ்விடத்தவர்' எனப் பொருள்படும். முஸ்லிம்களும் மலாயரும் தமிழரும் சிங்களவரும் நெருங்கி வாழும் அப்பகுதியிலே 2010 மே மாதத்தில் மியூஸ் வீதி வீடுகள் இடிக்கப்பட்டன. நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டதும் அவ்வாண்டிலேயாகும். பின்வந்த ஆண்டுகளில் உயர்மாடிக் கட்டடங்கள் எழ, பழைய குடியிருப்புகள் சுருங்கின. இந்நிலையிலே அவ்வோவியர் அங்கு வாழும் சாதாரண மனிதரின் முகங்களை அவர்தம் ஒழுங்கைச் சுவர்களிலேயே வரைந்தனர். மன்னரும் வீரரும் நின்ற இடத்திலே அயலவர் நின்றனர். 'இவ்விடம் வெற்றிடமன்று, இங்கு மாந்தர் உளர்' என்பதை வாசகம் எதுவுமின்றி அம்முகங்கள் தெரிவித்தன. மெக்சிக்கோவின் பெருஞ்சுவர்களுடன் அளவில் இவற்றை ஒப்பிட இயலாதெனினும், சுவரில் இடம்பெறாதோர்க்கு இடமளித்தல் என்னும் பண்பில் இவை அம்மரபைச் சார்வன எனலாம்.

இதே வினா தமிழகத்திலும் எழுந்துள்ளது. சென்னையின் பல பகுதிகளினின்றும் அகற்றப்பட்ட மக்கள் குடியேற்றப்பட்ட கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களிலே 2020இல் பாரிய ஓவியங்கள் வரையப்பட்டன. ஒதுக்கப்பட்ட ஒரு குடியிருப்பைக் காண நகரத்தார் வரத்தொடங்கினர்; அங்கு வாழ்வோரின் முகங்கள் சுவர்களில் ஒளிர்ந்தன. இது பாராட்டுக்குரியது. ஆயின், தொழிலிடங்களிலிருந்து தொலைவில் குடியேற்றப்பட்டோரின் போக்குவரத்துச் செலவையும் வேலையின்மையையும் வர்ணம் தீர்த்துவிடாது. ஓவியம் இடர்ப்பாட்டைச் சுட்டிக்காட்டுகின்றதா, அன்றி மூடி மறைக்கின்றதா என்பது அவ்வச் சூழலில் ஆராயப்படல் வேண்டும்.

மேற்கூறியவற்றிலிருந்து தெரு ஓவியத்தை நோக்குவதற்கான அளவைகள் சிலவற்றை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, சுவர் எவருடையது, அதிற் புதிதாக இடம்பெற்றவர் எவர் என்பது. இரண்டாவது, மொழி. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. எனினும் சட்டத்திலுள்ள மொழி சுவரிலும் உளதா, உளதெனின் பிழையின்றி உளதா என்பதைக் கண்களே சொல்லும். மூன்றாவது, கலைத்திறன். தெரு ஓவியம் நடப்பவரையும் வாகனத்தில் விரைபவரையும் நோக்கியது. நுண்கோடுகள் அங்கு மறையும், பெருவடிவும் உறுதியான புறக்கோடும் தெளிவான நிறவேறுபாடும் நிலைக்கும். சிறுபடத்தைக் கட்டங்களாகப் பிரித்துச் சுவருக்குப் பெருப்பிக்கும் முறையைத் திரைப்பட விளம்பரம் வரைந்தோர் நன்கறிந்திருந்தனர். இன்றைய சுவர்களை மதிப்பிடுவோர் அக்கைவினைஞரின் திறனையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். நான்காவது, ஆயுள். வெள்ளவத்தையின் மரைன் டிரைவ் போன்ற கடலோர வீதிகளில் உப்புக்காற்றும் பருவமழையும் வர்ணத்தை விரைவில் உரித்துவிடும். இயற்கையால் அழிவதும் அதிகாரத்தால் அழிக்கப்படுவதும் ஒன்றல்ல. எது எவ்வாறு மறைந்தது என்பதும் ஓவியத்தின் வரலாற்றுக்கு உரியதே.

வெள்ளவத்தையின் காலி வீதியும் கொட்டாஞ்சேனையின் ஜம்பட்டா வீதியும் தமிழர் அன்றாடம் வாசிக்கும் வீதிகள். அங்குள்ள கடைப் பெயர்கள், மரண அறிவித்தல்கள், தனியார் வகுப்பு விளம்பரங்கள், தேர்தல் இலக்கங்கள் ஆகியவற்றினிடையே ஓவியம் தோன்றுமிடத்து, அவற்றோடு சேர்த்தே அதனை வாசித்தல் தகும். 1958இல் தார் பூசப்பட்ட பெயர்ப்பலகைகளின் ஒளிப்படத் தொகுதியொன்று நம் கையில் இருந்திருப்பின், அக்காலத்தை நாம் எத்துணை நுட்பமாக அறிந்திருப்போம்! இன்று ஒளிப்படக்கருவி இல்லாத மாணவர் அரியர். இடம், திகதி, மொழி, வரைந்தோர், இசைவளித்தோர், அழிந்த விதம் ஆகியவற்றைக் குறித்து, மும்மொழி மாணவரும் கூடிக் கொழும்பின் சுவர்களை ஆண்டுதோறும் பதிவு செய்வரேல், கலைவரலாற்றுக்கு மட்டுமன்றி இந்நகரில் யாவர்க்கும் உள்ள பேசும் உரிமையின் வரலாற்றுக்கும் அது மூலாதாரமாக அமையும். தமிழ்ச் சங்கங்கள் இப்பணியை மேற்கொள்ளக் காலம் தாழ்த்தலாகாது. அடுத்த மழைக்கு முன்னரே தொடங்குதல் நன்று.